சொல்தா வீட்டு வாள்

என் சண்டைக்காரிக்கு,

இன்று ஆயுத பூஜை. காலையில் குளித்துவிட்டு வந்து சந்தனக் கட்டையைக் கல்லில் இழைக்க ஆரம்பித்ததுமே அந்த வாசனை என்னை நேரே உன் வீட்டு நடையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. கடையில் விற்கிற சந்தனப் பொடியை நீ வீட்டுக்குள்ளேயே விட மாட்டாய். "மாவுல கலரப் போட்டு விக்கறான். அத வாங்கி சாமிக்கு வெக்கறீங்களே, உங்களுக்கெல்லாம் என்னா பக்தி" என்று தெருவையே திட்டுவாய். இப்போது நானும் பொடி வாங்குவதில்லை. தோள்பட்டை வலிக்கிறது, இருந்தாலும் இழைக்கிறேன்.

தையல் மிஷினுக்குப் பொட்டு வைத்தேன். கத்திரிக்கோலுக்கு, அரிவாள்மனைக்கு, என் மகன் பெங்களூரிலிருந்து ஓட்டிவந்த காருக்கு, எல்லாவற்றுக்கும் வைத்தேன். கடைசியாக உன் வாளை எடுத்துவந்து பலகையில் வைத்தபோது மகன் பார்த்துவிட்டான். "இத இன்னுமா வச்சிருக்க? கேமரா மாட்டித் தரேன்னா வேணாங்கற. துருப்புடிச்ச கத்திய வச்சிக்கினு தனியா உக்காந்திருக்க. போலீஸ் பாத்தா கேஸும்மா இது" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அக்கறையில்தான் சொல்கிறான். ஆனால் அக்கறையோடு இன்னொரு சேதியும் கொண்டுவந்திருக்கிறான். இன்று சாயங்காலம் ஒரு புரோக்கர் வந்து என் வீட்டைப் பார்த்துவிட்டுப் போவாராம். சும்மா விலை கேட்டு வைக்கத்தானாம். விற்றுவிட்டு நான் அவனோடு பெங்களூரில் பன்னிரண்டாவது மாடியில் போய் இருக்க வேண்டுமாம்.

இதைக் கேட்டிருந்தால் உனக்கு எப்படிப் பற்றிக்கொண்டு வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கற்பூரம் காட்டிய கையோடு, பொரியைக்கூடப் பங்கு போடாமல், உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்தவர். அப்படிப் போய் வந்தவர்களை நம் ஊரில் சொல்தா என்பார்கள். நெல்லித்தோப்பில் உன் பெயர் தெரியாதவர்கள் உண்டு, சொல்தா வீடு தெரியாதவர்கள் கிடையாது. அந்த வாள் சைகோனிலிருந்து அவரோடு கப்பலில் வந்தது. கொஞ்சம் வளைந்த வாள், பித்தளைப் பிடி, இரும்பு உறை. அது எப்படிக் கிடைத்தது என்பதற்கு அவரிடம் ஆளுக்கொரு கதை இருந்தது. என்னிடம், பட்டாளத்தில் மேலதிகாரியாக இருந்த ஒரு கப்பித்தேன் பிரியும்போது பரிசாகக் கொடுத்தது என்றார். எதிர்வீட்டாரிடம், சீட்டாட்டத்தில் ஜெயித்தது என்றார். உன்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், எதிரியின் கையிலிருந்து பிடுங்கியது என்றார். சந்தைக்கு மீன் வாங்கப் போன இடத்தில் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிவந்தார் என உன் அம்மா சொன்னதுதான் எனக்கு நம்பும்படி இருந்தது.

பெண் பார்க்க வந்தவர்களைப் பற்றி எழுதினால் நீ சிரிப்பாய். உனக்கு அப்பா வழியில் பிரெஞ்சு நேஷனாலிட்டி இருந்தது. வந்தவன் ஒவ்வொருவனும் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே, கல்யாணம் ஆனால் தனக்கும் பிரெஞ்சுப் பேப்பர் வர எவ்வளவு நாளாகும் என்று கேட்டான். ஒருவனை நீ கூடத்திலேயே கேட்டாய்: "என்னப் பாக்க வந்தியா, என் பாஸ்போர்ட்டப் பாக்க வந்தியா? அதான்னா சொல்லு, பீரோல இருக்குது, எடுத்தாந்து காட்டறேன்." உன் அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அதற்கப்புறம் வரன் வருவது நின்றுபோனது. நீ அதற்காக ஒருநாள்கூட முகம் வாடி நான் பார்த்ததில்லை.

அப்பாவும் அம்மாவும் போனார்கள். உன் அண்ணன் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போனான். நீ போகவில்லை. "அங்க போயி குளிர்ல கைய கட்டிக்கினு நிக்கவா? எனக்கு இங்க வேல இருக்குது" என்றாய். முன்னறையில் இரண்டு மிஷின் போட்டு, நீயும் நானும் ரவிக்கை தைத்தோம். நீ வெட்டுவாய், நான் தைப்பேன். அந்த வாள் நடையில், வாசல்படிக்கு மேலே, இரண்டு ஆணியில் கிடந்தது.

பிறகுதான் உன் வீட்டுக்கும் ஒரு புரோக்கர் வந்தான். அப்பா உயில்படி வீட்டில் பாதி உனக்கு, பாதி அண்ணனுக்கு. உன் அண்ணன் அங்கிருந்தபடியே தன் பாதிக்கு அவனிடம் பவர் எழுதிக் கொடுத்துவிட்டான். முதல் தடவை புரோக்கர் ஆப்பிளோடு வந்தான். அடுத்த தடவை புத்திமதியோடு வந்தான்: "தனியா இருக்கற பொம்பள, காலம் கெட்டுக் கெடக்குது, ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சின்னா யாரு பதில் சொல்றது?" அதற்கும் நீ அசையாமல் போகவே, ஒரு நாள் காலையில் உன் கேட்டுக்கு முன்னால் ஒரு லோடு ஜல்லி கொட்டிக் கிடந்தது. ஸ்டேஷனுக்குப் போனோம். குடும்பத் தகராறு, சிவில் கேஸ், கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து ஜல்லிமேல் ஏறி இறங்கி உள்ளே போனவள், நேரே ஸ்டூலைப் போட்டு வாளைக் கீழே இறக்கினாய்.

நான் பயந்து போனேன். "எதுக்குடி இது? மொளகாப் பொடி ஒரு டப்பால போட்டு வச்சிக்க, போதும்" என்றேன். "காத்தடிச்சா அது நம்ம கண்ணுலதான் வுழும்" என்றாய். மறுநாளிலிருந்து தோட்டத்தில் பயிற்சி. உறையோடுதான். உருவினால் வெட்ட வேண்டும், வெட்டாவிட்டால் உருவக் கூடாது என்று உன் அப்பா சொல்லி வைத்திருந்ததால் நீ ஒருநாளும் அதை உருவிப் பார்த்ததில்லை. முதல் வீச்சில் கொடிக்கயிறு அறுந்து துவைத்த துணியெல்லாம் மண்ணில் விழுந்தது. கூடத்தில் வீசினால் ஃபேனில் இடித்தது, நடையில் வீசினால் சுவரில் இடித்தது. குதிரையில் போகிறவனுக்குச் செய்த வாள், நெல்லித்தோப்பு வீட்டுக்குள் எப்படித் திரும்பும்? கடைசியில் நடையில் குத்துவது ஒன்றுதான் நடக்கும் என்று கண்டுபிடித்தாய். மிஷின் பக்கத்தில் அதைச் சாய்த்து வைத்துக்கொண்டு ரவிக்கை வெட்டினாய். அளவு கொடுக்க வந்த பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, தைக்கக் கொடுத்த துணியை என்றைக்குத் தருவாய் என்று கேட்பதைக்கூட நிறுத்திவிட்டார்கள்.

"இத்த வச்சி யாரையாவது வெட்டுவியா நீ?" என்று ஒருநாள் கேட்டேன். "வெட்டறதுக்கு இல்லடி. இவ வெட்டிடுவாளோன்னு அவன் நெனைக்கணும்" என்றாய்.

அவர்கள் மதியத்தில்தான் வந்தார்கள். நம் ஊர் தெரிந்தவன் அப்படித்தான் வருவான். சாப்பாட்டு நேரத்துக்குக் கடைகளைச் சாத்திவிட்டு ஊரே தூங்கும், சாயங்காலம்தான் திரும்பக் கண் விழிக்கும். நாம் ஒரு கல்யாண வீட்டு ரவிக்கைகளை முடித்துக்கொண்டிருந்தோம். இரண்டு பேர் கேட்டைத் திறந்துகொண்டு நேரே முன்னறைக்கு வந்தார்கள். குண்டாக இருந்தவன் கையில் ஒரு புதுப் பூட்டும் சங்கிலியும். மற்றவன் கையில் கடப்பாரை. குண்டன் மரியாதையாகத்தான் பேசினான். "அம்மா, சாமான் செட்டெல்லாம் நாங்களே எடுத்து வெளிய வச்சிடறோம். நீங்க கம்முனு ஆட்டோவுல ஏறிக்கினா போதும். இன்னையிலேர்ந்து வூடு எங்குளுது."

நீ எழுந்தாய். உன் கைக்கெட்டும் தூரத்தில் தையல் கத்திரி கிடந்தது. அன்று காலையில்தான் சாணை பிடித்து வாங்கியிருந்தோம், எருமைத் தோலைக்கூட வெட்டும். நீ அதைத் தாண்டிப் போய் வாளை எடுத்தாய். பிடியில் கை வைத்து உருவினாய்.

வரவில்லை.

திரும்ப இழுத்தாய். அசையவே இல்லை. "வசந்தா, ஒறையப் புடிடீ!" என்று கத்தினாய். நான் ஓடிவந்து உறையைப் பிடித்தேன். மிஷின் காலில் ஒரு காலை முட்டுக் கொடுத்துக்கொண்டு நான் ஒரு பக்கம் இழுக்க, நீ ஒரு பக்கம் இழுக்க, வீட்டைப் பிடுங்க வந்தவர்கள் இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு நம்மையே பார்த்தார்கள். திருவிழாவில் வடம் இழுக்கிற மாதிரி இழுத்தோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அந்தக் குண்டன், நிஜமான கரிசனத்தோடு, "அக்கா, கொஞ்சம் மண்ணெண்ண ஊத்திப் பாருங்க" என்றான். சொல்லிவிட்டு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவன் சிரித்திருக்கக் கூடாது. ஜல்லிக்கு வராத கோபம், பூட்டுக்கு வராத கோபம், அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் உனக்கு வந்தது. என் கையிலிருந்து உறையோடு பிடுங்கி, பூட்டு வைத்திருந்த மணிக்கட்டில் ஒரு போடு போட்டாய். பூட்டும் சங்கிலியும் கீழே விழுந்தன. அவன் "ஐயோ" என்று கையை உதறிக்கொண்டு பின்னால் போக, உன் அப்பா தெரு நாய்களைப் போ, போ என்று பிரெஞ்சில் விரட்டுகிற அதே குரலில் "அலே! அலே!" என்று கத்திக்கொண்டே நீ முன்னால் போனாய். நடைக்கு வந்ததும் வீசாமல் குத்தினாய். வயிற்றில் ஒன்று, தோளில் ஒன்று. கடப்பாரைக்காரன் அந்தக் குறுகல் நடையில் கடப்பாரையைத் திருப்பவே முடியாமல் அதைப் போட்டுவிட்டு முதலில் ஓடினான். பயிற்சி வீண் போகவில்லை என்று எனக்கு அந்த நேரத்திலும் தோன்றியது.

நீ அதோடு விடவில்லை. வாசலில் நின்றுகொண்டு, புரோக்கர் பெயரையும் அவன் அப்பன் பெயரையும் சொல்லித் தெருவே அதிரக் கத்தினாய். சாத்திக் கிடந்த கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. லுங்கியோடு ஆம்பிளைகள் வந்தார்கள், கொண்டை போடாத தலையோடு பெண்கள் வந்தார்கள். அத்தனை நாள் ஜல்லியைச் சுற்றிக்கொண்டு நடந்தவர்கள் அன்று அதன்மேல் ஏறி நின்று உன் பக்கம் பேசினார்கள். நீ தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு உள்ளே வந்து, கீழே கிடந்த பூட்டை எடுத்துப் பார்த்தாய். சாவி அதிலேயே தொங்கியது. "நல்ல பூட்டு. நம்ம கேட்டுக்குப் போட்டுக்கலாம்" என்றாய்.

வேடிக்கை என்னவென்றால், புரோக்கர் உன்மேல் புகார் கொடுத்தான். வாளால் வெட்ட வந்தாய் என்று. நாம் வாளோடு ஸ்டேஷனுக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் கேட்டார், "இதுக்கு லைசன்ஸ் இருக்குதா?"

"எதுக்கு சார் லைசன்ஸ்?"

"வாளு வச்சிக்கறதுக்கும்மா."

"வாளுன்னு யாரு சார் சொன்னது? உருவிக் காட்டுங்க பாப்போம்."

அவர் இழுத்தார். பிறகு ஒரு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு உறையைப் பிடிக்கச் சொல்லி இழுத்தார். முகம் சிவந்ததுதான் மிச்சம். நீ கையைக் கட்டிக்கொண்டு சொன்னாய்: "பாத்தீங்களா? எங்கப்பா நெனவா வச்சிருக்கற இரும்புத் தடி சார் இது. தடிக்கெல்லாம் லைசன்ஸ் கேட்டா ஊர்ல பாதிப் பேரு உள்ள போவணும்." அவர் மீசையைத் தடவுகிற சாக்கில் சிரிப்பை மறைத்தார். பிறகு புரோக்கர் பக்கம் திரும்பி, அடுத்தவர் வீட்டுக்குள் கடப்பாரையோடு அவன் ஆட்களுக்கு என்ன வேலை என்று கேட்க ஆரம்பித்தார். அவன் அதற்கப்புறம் நம் தெருப்பக்கம் வரவில்லை. தெருவே சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறது என்று கேள்விப்பட்டு உன் அண்ணனும் இறங்கி வந்தான். நீ இருக்கும்வரை வீடு உன் கையில்தான் என்று நோட்டரி முன்னால் எழுதிக் கொடுத்தான்.

ஆட்டோவில் திரும்பும்போதுதான் உறையின் வாயைக் கவனித்தோம். சுண்ணாம்புக் காரை பூசினாற்போல் சந்தனமும் குங்குமமும் அடைத்து இறுகியிருந்தது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் முதல் நாள் நீ அதைப் புளி போட்டுத் தேய்த்துக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, சுவரில் நிமிர்த்திச் சாய்த்து வைப்பாய். தண்ணீர் உள்ளே இறங்கும். மறுநாள் ஈரம் காயும் முன்னால் சரியாக அந்த வாயிலேயே கை நிறையச் சந்தனத்தை அப்புவாய். கழுத்தில் வைத்தால்தான் அழகாம். கத்திரிக்கோலுக்கு மட்டும் பிடியில் ஒரு பொட்டோடு விடுவாய், வாயில் வைத்தால் துணியில் கறை படும் என்று. வேலை செய்கிற கருவி தப்பித்தது. சும்மா கிடந்த வாள் உன் பக்தியில் மாட்டிக்கொண்டு, உறைக்குள்ளேயே துருவேறிச் செத்தது. இதைச் சொல்லிச் சொல்லி ஆட்டோவில் நாம் சிரித்த சிரிப்பில் டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

மறுவாரம் சாணைக்காரர் வந்தபோது, எண்ணெய் விட்டுச் சூடு காட்டினால் வந்துவிடும், கூர் போட்டும் தருகிறேன் என்றார். நான் சரி என்று எடுக்கப் போனேன். நீ தடுத்துவிட்டாய். அவர் போன பிறகு சொன்னாய்: "அன்னைக்கு இது தொறந்திருந்தா அவன் கை போயிருக்கும்டி. என் கோவம் எனக்குத் தெரியும். அவன் ஆஸ்பத்திரில, நான் ஜெயில்ல, வூடு புரோக்கர் கையில. அதுக்கா நான் இவ்ளோ பாடுபட்டேன்?" அந்த வருஷ பூஜைக்கு முந்தைய வருஷங்களைவிட இரண்டு மடங்கு சந்தனம் அப்பினாய்.

உனக்கு உடம்பு முடியாமல் போனபோது அண்ணன் போனில் கூப்பிட்டான், பிரான்சில் நல்ல வைத்தியம் பார்க்கலாம் என்று. நீ வரமாட்டேன் என்று சொல்லிப் போனை என்னிடம் கொடுத்துவிட்டாய். ஆஸ்பத்திரியில் ஒரு வாரத்துக்குமேல் உன்னை வைத்திருக்க முடியவில்லை, வீட்டுக்கு வீட்டுக்கு என்று நர்ஸுகளோடு சண்டை. கடைசி நாட்களில் கட்டிலை முன்னறையிலேயே போடச் சொன்னாய். "நீ பாட்டுக்கு மிஷின ஓட்டு. சத்தம் கேட்டா நல்லா இருக்குது" என்றாய். தைக்க ஒன்றும் இல்லை. நான் துணி வைக்காமலே ஓட்டினேன். ஓட்டிக்கொண்டே அழுதேன். நீ கண்ணை மூடியபடி, நூல் அறுந்துவிட்டதா என்று கேட்டாய். இல்லை என்றேன். உன் வீட்டில், உன் கட்டிலில், நீ நினைத்தபடியே போனாய். அந்தச் சந்தோஷம் எனக்கு இருக்கிறது. ஆனால் நீ போய்விட்டாயே என்ற ஆத்திரமும் அதே அளவுக்கு இருக்கிறது. என்னை விட்டுவிட்டுப் போக உனக்கு யார் லைசன்ஸ் கொடுத்தது?

உன் வீட்டை இடித்துவிட்டார்கள். அண்ணன் பிள்ளைகள் விற்றுவிட்டார்கள். வாளை மட்டும் நான் முன்னாலேயே என் வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன். சனி ஞாயிறுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் தங்குவதற்கு அங்கே லாட்ஜ் வந்திருக்கிறது. மஞ்சள் பெயின்ட் அடித்து, பிரெஞ்சில் ஏதோ பெயர் வைத்திருக்கிறார்கள். உன் அப்பா இருந்திருந்தால் அந்தப் பெயரைப் படித்துவிட்டு இது எந்த ஊர் பிரெஞ்சு என்று கேட்டிருப்பார். நான் அந்தப் பக்கம் போனால் எதிர்ச்சாரியில்தான் நடக்கிறேன்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போக வேண்டியதாகிவிட்டது. மகன் சொன்னபடி இன்றைய புரோக்கர் வந்துவிட்டான். சின்னப் பையன்தான், இஸ்திரி போட்ட சட்டை. பூஜைப் பலகை வைத்திருக்கிற கூடத்துக்கு ஷூவோடு ஏறி வந்தான். சுவரைத் தட்டிப் பார்த்தான். என்னை ஒரு நாற்காலியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, என் மகனிடம், "இடம் நல்ல இடம் சார். கட்டடத்த இடிச்சிட வேண்டியதுதான்" என்றான்.

எனக்குக் கை பரபரத்தது. ஆனால் பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்கு எடுக்கக் கூடாது, உனக்குத் தெரியாததா? நாளைக் காலையில்தான் எடுக்க வேண்டும். ஆகவே வெறுங்கையோடு போய் அவன் முன்னால் நின்றேன்.

"மொதல்ல ஷூவக் கழட்டு. இல்ல, வேணாம், அப்பிடியே எறங்கிப் போயிடு" என்றேன். "நான் உசுரோட இருக்கற வரைக்கும் இந்த வூடு விக்கறதுக்கு இல்ல."

"சார்தாம்மா வரச் சொன்னாரு."

"சார் என் வயித்துல பொறந்தவன். வூடு என் பேர்ல இருக்குது. எறங்குடா கீழ!"

அவன் என் மகனைப் பார்த்தான். மகன் தரையைப் பார்த்தான். நான் இன்னும் ஓரடி முன்னால் வைத்ததும் அவன் பின்னாலேயே நடந்து வாசற்படி இறங்கினான். நானும் விடாமல் வாசல்வரை போனேன். இனி இந்தத் தெருவில் தனியாக இருக்கிற எந்தப் பொம்பளை வீட்டுக் கதவையாவது தட்டினால் என்ன ஆகும் என்று, நாலு வீடு தள்ளி நிற்பவர்களுக்கும் கேட்கிறபடி சொன்னேன். அவன் பைக்கை உதைத்துக் கிளப்புகிறவரை சொன்னேன்.

மகன் பின்னாலேயே வந்தான். "எதுக்கும்மா இப்பிடிக் கத்தற? தெருவே நின்னு பாக்குது."

"பாக்கட்டும்டா" என்றேன். "பாக்கணும்னுதான் கத்தறேன்."

அவன் மாடிக்குப் போய்விட்டான். என்னோடு பேசவில்லை. பேசுவான், என் பிள்ளைதானே. விடுமுறை முடிந்ததும் அவன் தனியாகத்தான் காரில் திரும்புவான். நான் இங்கேதான் இருப்பேன்.

இத்தனை வருஷமாக நீ கத்துவாய், நான் உன் புடவையைப் பிடித்து இழுத்து, மெதுவாகப் பேசு என்பேன். இன்று இழுக்க ஆள் இல்லை. தொண்டை கட்டிப்போய், தண்ணீர் கேட்டால்கூடக் குரல் உன்னுடையது மாதிரிதான் வருகிறது. வெந்நீர் வைத்துக் குடிக்கப் போவதில்லை. இப்படியே இருக்கட்டும்.

உன்,
வசந்தா